வாங்குபவருக்குப் பாதகமாக

விக்டோரியா காலத்து லண்டனின் சுகாதார ஆண்டறிக்கைகளை இன்று யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். 1848 முதல் 1972 வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகளை வெல்கம் நூலகம் கணினியில் ஏற்றி இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. 1855-இல் வந்த பெருநகர நிர்வாகச் சட்டம் லண்டனின் ஒவ்வொரு வட்டாரமும் ஒரு மருத்துவரைச் சுகாதார அலுவலராக நியமிக்க வேண்டும் என்றது. அவருக்குக் கீழே ‘நியூசென்ஸ் இன்ஸ்பெக்டர்’ என்ற பெயரில் ஆய்வாளர்கள் இருந்தார்கள். அந்த மருத்துவர் ஆண்டுக்கொரு முறை தன் வட்டாரத்தின் கணக்கை ஒப்பிக்க வேண்டும். எத்தனை குழந்தைகள் பிறந்தன, யார் எந்த நோயில் செத்தார்கள், எத்தனை சாக்கடை சரிசெய்யப்பட்டது, எவ்வளவு மீனும் இறைச்சியும் பழமும் அழுகியதென்று பறிமுதலானது, எத்தனை பால் மாதிரி சோதனைக்குப் போனது, அதில் எத்தனையில் தண்ணீர் கலந்திருந்தது.

வரலாற்று மாணவர்கள் இவற்றைப் புள்ளிவிவரங்களுக்காகப் புரட்டுவார்கள். நான் இவற்றை வெறும் எழுத்தாக, ஒரு நாவலையோ தன்வரலாற்றையோ வாசிப்பதுபோல வாசிக்கலாம் என்கிறேன். எழுவாய் யார், யாருக்குப் பெயர் இருக்கிறது, எந்த வினை செயப்பாட்டு வினையாகிறது என்று கவனித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் பிடிபடும். உணவு ஆய்வு பற்றிய பக்கங்களில் கடைக்காரர் இருக்கிறார், ஆய்வாளர் இருக்கிறார், ரசாயனப் பகுப்பாய்வாளர் இருக்கிறார், நீதிபதி விதித்த அபராதம் இருக்கிறது. அழுகிய மீன்கூட எடையோடு இருக்கிறது. அதை வாங்கி, கழுவி, முகர்ந்து பார்த்து, சமைத்து, பரிமாறியவள் பெரும்பாலும் இல்லை. அவளைத் தேடி அலைய வேண்டாம். குழந்தை மரணம் பற்றிய பக்கத்துக்கு வாருங்கள், அங்கே நிற்கிறாள். அங்கே அவளுக்கு ஒரு பெயரும் உண்டு: அறியாத தாய்.

கடை வாசலில் காணாமல் போனவள் அடுப்படியில் குற்றவாளியாகத் தோன்றுவது எப்படி நடந்தது என்பதே என் கேள்வி.

1875-ஆம் ஆண்டின் உணவு மருந்து விற்பனைச் சட்டத்தில் ஒரு சொற்றொடர் வருகிறது. வாங்குபவர் கேட்ட தன்மையிலும் பொருளிலும் தரத்திலும் இல்லாத எதையும் வாங்குபவருக்குப் பாதகமாக விற்கக் கூடாது என்பது அதன் சாரம். இன்றைய நுகர்வோர் சட்டங்களுக்கெல்லாம் இது ஒரு முன்னோடி. ஆனால் இந்த வாங்குபவர் யார்? நீதிமன்றங்கள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டன. ஆய்வாளர் பொதுப் பணத்தில், சோதித்துப் பார்க்க மட்டுமே பால் வாங்குகிறார், குடிக்கப் போவதில்லை, அப்படியானால் அவருக்கு என்ன பாதகம் என்று கடைக்காரர்களின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். கேட்டு ஜெயித்ததும் உண்டு. 1879-இல் ஒரு திருத்தச் சட்டம் போட்டுத்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அந்த நான்கு ஆண்டு விவாதத்தில் சட்டம் கற்பனை செய்துபார்த்த வாங்குபவர் கையில் மாதிரி புட்டியும் அரக்கு முத்திரையும் வைத்திருக்கும் ஆண் அலுவலர். காலையில் குவளையோடு பால்கடைக்குப் போகிறவள் அந்த விவாதத்துக்குள் வரவேயில்லை.

வேடிக்கை என்னவென்றால் ஆய்வே அவளை நம்பித்தான் ஓடியது. ஆய்வாளரின் முகம் கடைக்காரர்களுக்குப் பழக்கம். அவர் வந்தால் நல்ல பால் வெளியே வரும். அதனால் வேறு ஆட்களை அனுப்பி மாதிரி வாங்குவது வழக்கமாயிற்று. பெண்களும் சிறுவர்களும் அதற்குத் தோதானவர்கள், ஏனெனில் பால் வாங்க வருகிறவர்கள் எப்போதும் அவர்கள்தான்; யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு பெண் போய் வாங்குகிறாள், ஆய்வாளர் பின்னாலேயே நுழைந்து அதை மூன்று பங்காகப் பிரிக்கிறார்: கடைக்காரருக்கு ஒன்று, பகுப்பாய்வாளருக்கு ஒன்று, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. அறிக்கையில் வழக்கு ஆய்வாளர் பெயரில் பதிவாகும். வாங்கப் போனவளின் சாதாரணத் தோற்றம்தான் சட்டத்துக்குத் தேவைப்பட்டது. எந்தக் கடையில் எந்த நேரம் தண்ணீர் கூடும், எவன் விடியற்காலையில் ஒரு பாலும் மாலையில் வேறு பாலும் விற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ள அட்டவணையில் கட்டம் இல்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1851.

அந்த ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் ஒரு தொடரைத் தொடங்கியது. ஆர்தர் ஹில் ஹஸ்ஸல் என்ற மருத்துவர் லண்டன் கடைகளில் உணவுப் பொருள்களை வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ரொட்டியில் படிகாரம், காப்பியில் சிக்கரி, பாலில் தண்ணீர். குழந்தைகள் வாங்கும் மிட்டாயின் மஞ்சளில் ஈயக் குரோமேட், பச்சையில் செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த சாயம். இதழாசிரியர் தாமஸ் வேக்லி துணிச்சலாகக் கடைக்காரர்களின் பெயரையும் முகவரியையும் அச்சிட்டார். உணவுப் பாதுகாப்பு வரலாறுகள் எல்லாம் இந்த நுண்ணோக்கியிலிருந்து தொடங்கும். நியாயம்தான்.

அதே 1851-இல், மார்ச் மாதம், எஸெக்ஸில் சாரா செஷம் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். கணவனுக்கு ஆர்செனிக் கொடுத்துக் கொல்ல முயன்றாள் என்பது தீர்ப்பு. எஸெக்ஸ் கிராமத்துப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து புருஷன்களுக்கும் பிள்ளைகளுக்கும் விஷம் வைக்கிறார்கள் என்ற பீதி சில ஆண்டுகளாகவே பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்செனிக் விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. பிரபுக்கள் அவையில் அதில் ஒரு பிரிவு சேர்ந்தது: வயதுவந்த ஆண்களுக்கு மட்டுமே ஆர்செனிக் விற்கலாம். எலிக்கும் ஈக்கும் மருந்து வைப்பது வீட்டு வேலை. வீட்டு வேலை செய்பவள் அதை வாங்கக் கூடாது. ஜான் ஸ்டூவர்ட் மில் உள்துறை அமைச்சர் ஜார்ஜ் கிரேக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். சில கொலைகளுக்காகப் பெண்குலம் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைக்கும் அவமானம் இது என்பது அவர் வாதம். சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு இல்லை. வேறொன்று இருந்தது: சில்லறையில் விற்கும் ஆர்செனிக்கோடு கரியோ அவுரியோ கலந்து நிறம் மாற்ற வேண்டும். சோற்றில் கலந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவி உணவில் ஆர்செனிக் கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஆர்செனிக்குக்கு நிறமூட்டச் சொன்னது நாடாளுமன்றம். வியாபாரி மிட்டாய்க்கு நிறமூட்ட ஆர்செனிக் கலப்பதைத் தடுக்க அப்போது ஒரு சட்டமும் இல்லை. ஏழு ஆண்டு கழித்து, 1858-இல், பிராட்ஃபோர்டு சந்தையில் விற்ற பெப்பர்மின்ட் மிட்டாயைத் தின்று ஏறக்குறைய இருபது பேர் செத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் ‘டாஃப்ட்’ என்ற வெள்ளைத் தூளைக் கலப்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. மருந்துக்கடைப் பீப்பாய் மாறிப்போய் டாஃப்டுக்குப் பதிலாக ஆர்செனிக் வந்துவிட்டது. வழக்கு நடந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. தவறுதலாக நேர்ந்தது என்றார்கள். ஆம், பீப்பாய் மாறியது தவறுதல்தான். சர்க்கரை என்று காசு வாங்கிக்கொண்டு வேறெதையோ கொடுத்தது தவறுதல் இல்லை. ஆனால் அதைக் குற்றம் என்று சொல்லச் சட்டத்திடம் அப்போது சொல் இல்லை.

பிராட்ஃபோர்டுக்குப் பிறகு 1860-இல் முதல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. தமிழில் இதை ஒரு விகுதியில் விளக்கிவிடலாம். அந்தச் சட்டம் ‘லாம்’ என்று முடிந்தது. உள்ளாட்சிகள் பகுப்பாய்வாளரை நியமிக்கலாம். வாங்கிய பொருளில் சந்தேகம் இருந்தால் யாரும் அவரிடம் கொண்டுபோய்ச் சோதிக்கலாம், இரண்டரை ஷில்லிங்கிலிருந்து பத்தரை ஷில்லிங் வரை கட்டணம் கட்டினால். ஒரு சலவைத் தொழிலாளிப் பெண்ணின் ஒரு நாள் கூலியைக் கொடுத்துத்தான் ரொட்டியில் படிகாரம் இருக்கிறதா என்று அவள் தெரிந்துகொள்ள முடியும். மிகச் சில ஊர்களே பகுப்பாய்வாளரை நியமித்தன. காரணம் ரகசியமில்லை. லண்டனில் வட்டார நிர்வாகத்தை நடத்திய ‘வெஸ்ட்ரி’ என்னும் திருச்சபைப் பகுதி மன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் கடைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் ஏராளம். ரொட்டிக் கடைக்காரர் தன் கடையைச் சோதிக்கத் தன் வரிப்பணத்தில் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைப்பாரா?

நான்கு ஆண்டு கழித்து வந்த தொற்றுநோய்ச் சட்டங்கள் ‘வேண்டும்’ என்று முடிந்தன. 1864, 1866, 1869. படை முகாம்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், லண்டனை ஒட்டிய வுலிச்சிலும், காவலர் ஒரு பெண்ணைப் பாலியல் தொழிலாளி என்று சந்தேகித்தால் அவள் உடலை மருத்துவர் ஆய்வு செய்ய வேண்டும். மறுத்தால் சிறை. நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைப்பு. அவளிடம் வந்த சிப்பாய்க்கு இந்தச் சட்டத்தில் எந்த ஆய்வும் இல்லை. இதே பெயரில் இந்தியாவுக்கென 1868-இல் ஒரு சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் லாக் ஆஸ்பத்திரிகள் அதற்கு முன்பிருந்தே இருந்தன. ஜோசஃபின் பட்லரும் அவரோடு நின்ற பெண்களும் 1869 தொடங்கிப் போராடி, இங்கிலாந்தில் 1886-இல் அச்சட்டங்களை நீக்கவைத்தார்கள்.

இவை உணவோடு சேர்ந்தவையா என்று மாணவிகள் கேட்கக்கூடும். நேரடியாக இல்லை. ஆனால் ‘பொதுச் சுகாதார ஆய்வு’ என்ற ஒரே சொல் அந்தப் பத்தாண்டில் யார் வீட்டுக் கதவைத் தட்டியது, யார் கடை வாசலில் தயங்கி நின்றது என்பதை இந்த இரண்டு விகுதிகளையும் சேர்த்துப் பார்க்காமல் விளங்கிக்கொள்ள முடியாது.

இனிப் பாலுக்கு வருவோம். இந்த அறிக்கைகளின் மையமே பால்தான்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் காலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1870-இல் இஸ்லிங்டனில் ஒரு சிறு பகுதிக்குள் மட்டும் டைபாய்டு பரவியது. வட்டாரச் சுகாதார அலுவலர் எட்வர்ட் பல்லார்ட் நோய் கண்ட வீடுகளைக் குறித்துக்கொண்டு, அவை எங்கே பால் வாங்குகின்றன என்று கேட்டார். ஒரே பால்பண்ணை. நோயின் வழி பால் வண்டியின் வழியாக இருந்தது. வீடுவீடாகப் போய்க் கேட்டபோது பதில் சொன்னவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அந்த ஒரு விசாரணையில் அவர்கள் தகவல் தந்தவர்கள், குற்றவாளிகள் அல்ல. பல்லார்ட் பண்ணைக்குப் போனார், அடுப்படிக்குப் போகவில்லை. பால் நோய் பரப்பும் என்பதை நிறுவிய ஆரம்ப ஆய்வுகளில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

எல்லாரும் பல்லார்ட் ஆகவில்லை. நூற்றாண்டின் கடைசியில் குழந்தை மரணம் குறையாமல் நின்றது. 1899-இல் இங்கிலாந்து, வேல்ஸில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 163 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. வெயில் கொளுத்திய கோடைகளில் வயிற்றுப்போக்கு வாரி எடுத்துப்போனது. குதிரைச் சாணம் குவிந்த தெரு, அதில் மொய்க்கும் ஈ, மூடியில்லாத பால் பாத்திரம், வீட்டுக்குள் சேமித்து வைக்கக் குளிர்ச்சியான இடமில்லை. இதெல்லாம் அறிக்கைகளில் வராமல் இல்லை. வந்தது. ஆனால் பத்தி முடியும்போது தாய்க்கு வந்து சேர்ந்தது. அவள் வேலைக்குப் போகிறாள், பக்கத்து வீட்டுக் கிழவியிடம் பிள்ளையை விடுகிறாள், புட்டியைக் கழுவுவதில்லை. பின்ஸ்பரி வட்டாரத்தின் சுகாதார அலுவலராக இருந்த ஜார்ஜ் நியூமன் 1906-இல் குழந்தை மரணம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வறுமையையும் வீட்டையும் சாக்கடையையும் பற்றி அதில் நிறையவே பேசிவிட்டு, முதன்மையாக இது தாய்மையின் பிரச்சினை என்ற முடிவுக்கு வந்தார். பிற்பாடு நாட்டின் தலைமை மருத்துவ அலுவலரும் ஆனார். திருமணமான பெண்கள் வேலைக்கே போகாத டர்ஹம் சுரங்கப் பகுதிகளிலும் குழந்தைகள் அதே வேகத்தில் செத்தன என்பது அப்போதே தெரிந்த செய்தி.

புட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நீளமான ரப்பர் குழாய் வைத்த கண்ணாடிப் புட்டி அது. குழந்தையைத் தூக்கிப் பிடிக்காமலே பால் குடிக்கவைக்கலாம் என்பதால் வேலை நெருக்கடியில் இருந்த வீடுகளில் எல்லாம் புகுந்தது. குழாய்க்குள் பால் உறைந்து புளிக்கும். எந்தத் தூரிகையும் உள்ளே போகாது. மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் திட்டினார்கள். கடைகளில் அழகான பெயர்களோடு அது விற்றுக்கொண்டே இருந்தது. பிரான்ஸ் 1910-இல் இந்தக் குழாய்ப் புட்டிகளைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இங்கிலாந்து தாய்மார்களுக்குத் துண்டுப்பிரசுரம் அச்சடித்தது: நன்றாகக் கொதிநீரில் கழுவவும்.

எந்த நீர்? லண்டனுக்குத் தண்ணீர் விற்றவை தனியார் கம்பெனிகள். 1895, 1896, 1898 கோடைகளில் கிழக்கு லண்டனில் குழாய்த் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே வந்தது. ‘தண்ணீர்ப் பஞ்சம்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். வயிற்றுப்போக்கு உச்சத்தில் இருக்கும் அதே மாதங்கள். ஒரே குழாயை நாலைந்து குடும்பம் பங்கிட்டுக்கொள்ளும் முற்றம், மேல்மாடி அறை, விறகும் கரியும் காசு கொடுத்து வாங்க வேண்டிய அடுப்பு. சென்னையில் குடம் வைத்து வரிசை பிடித்த எந்தப் பெண்ணுக்கும் அந்தத் துண்டுப்பிரசுரத்தை வாசித்தால் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

கையில் கிடைத்த இன்னொரு வழி டின் பால். கொழுப்பெடுத்த பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து டின்னில் அடைத்தது. மலிவு, கெடாது. குழந்தையின் எலும்புக்கு வேண்டியது அதில் இல்லை. 1899 சட்டம் அந்த டின்னின் மேல் கொழுப்பெடுத்தது என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னது. சட்டத்தின் கடமை அத்தோடு முடிந்தது. மீதி அவள் வாசித்துக்கொள்ள வேண்டியது. நல்ல பால் என்ன விலை, அவள் கையில் என்ன இருக்கிறது என்ற கணக்கை எந்த லேபிளும் தீர்க்காது. அதே 1899-இல் செயிண்ட் ஹெலன்ஸ் நகராட்சி தானே பாலைக் காய்ச்சிப் புட்டியில் அடைத்துக் கொடுக்கும் கடையைத் திறந்தது. 1902-இல் லண்டனில் பேட்டர்சியும் அப்படிச் செய்தது. தாய்க்குப் பாடம் நடத்துவதைவிடப் பாலைச் சரிசெய்வது மேல் என்று நினைத்தவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானம் எப்போதும் கொஞ்சம் சோம்பேறித்தனமானது.

உணவைத் தயாரித்த பெண்ணை ஆய்வு எப்படிப் பார்த்தது? தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருந்தது. ஜாம் தொழிற்சாலைகள் அதிலிருந்து விலக்கு வாங்கின. ஜூன் முதல் செப்டம்பர் வரை, பழம் வந்து இறங்கியதும் கெட்டுப்போகாமல் தடுக்க அதைச் சுத்தம் செய்து தயாரிக்கும் வேலைக்கு நேர வரம்பு கிடையாது. 1901 சட்டமும் இந்த விலக்கை வைத்துக்கொண்டது. பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் இதை எதிர்த்து ஆண்டாண்டாக எழுதினார்கள். ஸ்ட்ராபெரி ஓர் இரவு தாங்காது என்பதைச் சட்டம் புரிந்துகொண்டது. பெர்மண்ட்சியில் காம்பு கிள்ளும் பதினைந்து வயதுப் பெண் எத்தனை இரவு தாங்குவாள் என்று கேட்கவில்லை.

பெண் ஆய்வாளர்கள் என்றதும் நம் பக்கத்துக் கதையும் வந்துவிடுகிறது. பெண்ணிய வரலாறுகளில் இது கொண்டாட்டமாகச் சொல்லப்படும் பகுதி. 1893-இல் கென்சிங்டன் வெஸ்ட்ரி லூசி டீன், ரோஸ் ஸ்குவயர் என்ற இரண்டு பெண்களைச் சுகாதார ஆய்வாளர்களாக நியமித்தது. லண்டனில் அதுவரை இல்லாத வழக்கம். சுகாதார அலுவலர் தாமஸ் ஆர்ம் டட்ஃபீல்டு இதை ஆதரித்தார். சில ஆண்டுகளில் இருவரும் உள்துறையின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஆனார்கள். 1898-இல் ஆஸ்பெஸ்டாஸ் தூசி உடலுக்குக் கேடு என்று லூசி டீன் எழுதியது அரசு அறிக்கையில் அச்சானது; பிரிட்டன் அதற்கு முதல் விதிமுறை போட 1931 வரை ஆயிற்று. ரோஸ் ஸ்குவயர் தன் முப்பது ஆண்டுப் பணியை 1927-இல் ஒரு நூலாக எழுதினார்.

அவர்கள் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘முதல் பெண்’ என்ற பட்டத்தோடு நம் வாசிப்பு நின்றுவிடுகிறது. கென்சிங்டனின் தெற்கே அரண்மனையும் மாளிகைகளும். வடக்கே நாட்டிங் டேல். அங்கே ஒரு காலத்தில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். தெற்கு மாளிகைகளின் சமையல் கழிவை வண்டியில் அள்ளி வந்து பன்றிக்குப் போட்டுப் பிழைத்த குடும்பங்கள். பன்றிகளைச் சுகாதாரத்தின் பெயரால் படிப்படியாக அகற்றினார்கள். பெண்கள் தெற்கத்து மாளிகைகளின் துணியைத் துவைத்தார்கள். கட்டட வேலையும் எரிவாயு வேலையும் பருவத்துக்கு வந்து போகிறவை; ஆண்களின் வருமானம் நின்ற மாதங்களில் குடும்பம் இவர்கள் கையில் ஓடியது. குழந்தை மரணம் நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்த தெருக்கள் இவை. டீனும் ஸ்குவயரும் ஆய்வு செய்யப் போனது இந்தச் சலவைக்கூடங்களையும் தையல் கூடங்களையும்தான். 1895 சட்டம் சலவைக்கூடங்களைச் சேர்த்துக்கொண்டபோதும் பெண்களுக்கு ஒரு நாளில் பதினான்கு மணி நேர வேலையை அனுமதித்தது. காற்றோட்டத்தையும் கழிப்பறையையும் பற்றி முதலாளியைக் கேட்க அவர்களுக்குச் சட்டத்தின் பலம் இருந்தது. வேலை நேரமும் கூலியும் அவர்கள் அதிகாரத்துக்கு வெளியே.

அடுத்த பத்து ஆண்டுகளில் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. பெண் சுகாதார ஆய்வாளர்கள் பல ஊர்களிலும் வந்தார்கள். மெல்ல அவர்களைப் பட்டறையிலிருந்து வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பிறப்புப் பதிவானதும் வீடு தேடிப் போவது, புட்டியை முகர்ந்து பார்ப்பது, தொட்டிலுக்குப் பதில் பெட்டி இருக்கிறதா என்று குறிப்பது. ‘ஹெல்த் விசிட்டர்’ என்ற புதுப் பெயர். இந்தப் பெயருக்கு ஒரு மூதாதையும் உண்டு: 1862-இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டில் சீமாட்டிகளின் சங்கம் ஒன்று உழைக்கும் வர்க்கப் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி வீடுவீடாக அனுப்பியது. ஆய்வாளருக்குச் சலவைக்கூடத்தில் நுழையும் உரிமை சட்டத்தில் இருந்தது. விசிட்டருக்கு வீட்டில் நுழையும் உரிமை இல்லை, அறிவுரை மட்டும். முதலாளியிடம் நோட்டீஸ் கொடுக்கத் தகுதிபெற்ற பெண், தாயிடம் சோப்பு பற்றிப் பேசுகிறவளானாள். சம்பளமும் ஆண் ஆய்வாளரைவிடக் குறைவு. இதைப் பெண்களுக்கு இயல்பாக ஏற்ற வேலை என்று அப்போது சொன்னார்கள், சில பெண்களும் சொன்னார்கள். அதிகாரத்தின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள் என்று நாம் கைதட்டும்போது, அந்த நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதே கட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பாடப்புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல் இராது. 1894 உள்ளாட்சிச் சட்டம் லண்டன் வெஸ்ட்ரிகளில் பெண்கள் உறுப்பினராவதற்கு வழி திறந்தது. ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்த மேசையில் ரொட்டி வாங்குகிறவளும் உட்கார முடிந்தது. ஐந்தே ஆண்டு. 1899-இல் வெஸ்ட்ரிகளைக் கலைத்து பரோ மன்றங்களை உருவாக்கியபோது, பெண்களும் உறுப்பினராகலாம் என்று மக்களவை ஏற்றிருந்ததைப் பிரபுக்கள் அவை வெட்டி எறிந்தது. மக்களவையும் அதற்கு இணங்கிவிட்டது. வாக்களிக்கலாம், உட்கார முடியாது. 1907-இல்தான் அந்தத் தடை நீங்கியது. உணவு ஆய்வு ஓரளவு பல் முளைத்த சட்டமாகி, ‘அறியாத தாய்’ எல்லா மேடைகளிலும் பேசப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளில், சுகாதாரக் குழுக்களில் கையைத் தூக்கி வாக்களிக்க ஒரு தாயும் இல்லை.

மாற்று ஆவணம் இல்லாமல் இல்லை. விக்டோரியா மறைந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தாலும் அதே தெருக்கள், அதே கடைகள். 1909-இலிருந்து ஃபேபியன் பெண்கள் குழு லாம்பெத்தில் உழைக்கும் குடும்பங்களை வாரந்தோறும் சந்தித்தது. மோட் பெம்பர் ரீவ்ஸ் அதை 1913-இல் ‘வாரம் ஏறக்குறைய ஒரு பவுன்’ என்ற நூலாக்கினார். குழுவும் நடுத்தர வர்க்கம்தான், வீட்டுக்குள் நுழைந்ததும்தான். ஆனால் அவர்கள் போனதும் செய்த காரியம் வேறு: வீட்டுக்காரியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வாரச் செலவை நீயே எழுது என்றார்கள். எழுதத் தெரியாதவளுக்குக் கணவனோ பிள்ளையோ எழுதிக்கொடுத்தார்கள். சுகாதார அறிக்கையில் பெயரில்லாமல் இருந்த வாங்குபவர் இங்கே தன் எழுத்துப் பிழைகளோடு வருகிறாள். இறைச்சி கணவனுக்கு, தனக்கு ரொட்டியும் தேநீரும் என்பது வருகிறது. குவார்ட் நான்கு பென்ஸ் விற்ற பசும்பாலை அந்த வருமானத்தில் குழந்தைக்குத் தினமும் வாங்க வழியில்லை என்பதால் டின் பால் வருகிறது. அறியாமையால் அல்ல, கூட்டல் கழித்தலால்.

அந்தக் கணக்குகளில் வாடகைக்கும் நிலக்கரிக்கும் பக்கத்தில் வாராவாரம் தவறாமல் ஒரு வரி இருக்கிறது. அடக்கச் செலவு இன்ஷூரன்ஸ், பிள்ளைக்கு ஒரு பென்னி. படித்தவர்கள் அதை ஊதாரித்தனம் என்றார்கள், அந்தப் பென்னியைப் பாலுக்குப் போடலாமே என்றார்கள். அந்தப் பெண்கள் பாலைக் குறைத்துக்கொண்டு அதைக் கட்டினார்கள்.